பச்சைச் சாயமும் பத்திரிசியார் திருநாளும்

ஆண்டுதோறும் மார்ச் மாதம் 17ஆம் நாளையொட்டி உலகின் பல மாநகரங்கள் பச்சை நிறம் பூணுகின்றன. நியூயோர்க்கின் ஐந்தாம் அவெனியூவிலே பல மணி நேரம் ஊர்வலம் செல்கின்றது. சிக்காகோவிலே ஆற்றுநீருக்கே சாயம் கலக்கப்படுகின்றது. டப்ளின், லண்டன், சிட்னி, புவனஸ் அயர்ஸ், தோக்கியோ என நகரந்தோறும் பச்சைத் தொப்பியணிந்த கூட்டம் கூடுகின்றது. மதுச்சாலைகள் நிரம்பி வழிகின்றன. அயர்லாந்தின் பாதுகாவலராகிய புனித பத்திரிசியாரின் திருநாள் உலகத் திருநாளாகி விட்டது என்று பெருமை பேசப்படுகின்றது. அப்புனிதரின் பெயர் ஈழத்தமிழருக்குப் புதியதன்று. 1850ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் தோன்றிய கத்தோலிக்கக் கல்லூரியொன்று அப்பெயரைத் தாங்கியே இன்றும் நிலைபெற்றுள்ளது. ஆயினும், பெயரை அறிந்திருப்பது வேறு. அப்பெயரால் உலகெங்கும் கொண்டாடப்படுவது யாது, மறைக்கப்படுவது யாது என ஆராய்ந்து அறிவது வேறு.

விழா என்பது ஒரு மக்கட் கூட்டம் தன்னைத்தானே நினைவுகூரும் முறையாகும். எனவே, ஒரு விழாவை மதிப்பிடுமிடத்து எத்தனை பேர் கூடினர், எத்தனை நாடுகளில் விளக்கெரிந்தது என்பன போன்ற கணக்குகள் முதன்மை பெறுதல் பொருந்தாது. அவ்விழா எதனை நினைக்கச் செய்கின்றது, எதனை மறக்கச் செய்கின்றது என்பதே முதல் வினாவாதல் வேண்டும். அவ்வாறு நோக்கின், இன்று உலகெங்கும் நடைபெறும் பத்திரிசியார் விழா, தன்னை உருவாக்கிய மக்களின் வரலாற்றை அவர்களுக்கே அந்நியமாக்கிவிட்ட விழாவாகக் காட்சியளிக்கின்றது.

முதலில் பத்திரிசியார் யார் என்பதை நோக்குதல் தகும். அவர் பிறப்பால் அயர்லாந்தியர் அல்லர். கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே உரோம ஆட்சிக்குட்பட்ட பிரித்தானியாவில் வாழ்ந்த வசதி படைத்த குடும்பமொன்றில் தோன்றியவர். ஏறத்தாழப் பதினாறு வயதில் அயர்லாந்துக் கொள்ளையரால் கவர்ந்து செல்லப்பட்டு, அங்கே ஆறு ஆண்டுகள் அடிமையாகக் கால்நடை மேய்த்தவர். பின்னர் தப்பியோடித் தாயகம் சேர்ந்து, குருத்துவம் பெற்று, தம்மை அடிமை கொண்ட நாட்டுக்கே ஆயராகத் திரும்பியவர். இவையெல்லாம் அவரே இலத்தீன் மொழியில் எழுதி வைத்த தன்வரலாற்று அறிக்கையால் அறியக் கிடக்கின்றன. அவர் எழுதியனவாக ஐயமின்றிக் கொள்ளப்படும் நூல்கள் இரண்டே. மற்றையது கோரோற்றிக்கஸ் என்னும் படைத்தலைவனின் வீரர்களைக் கண்டித்து எழுதிய திருமுகமாகும். புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற மக்களைக் கொன்றும், எஞ்சியோரைச் சிறைபிடித்து அடிமைகளாக விற்றும் அவ்வீரர் புரிந்த கொடுமைக்காக, அவர்களோடு எவரும் உண்ணலும் உறவாடலும் ஆகாது என அவர் விலக்கு விதித்தார். அடிமை வணிகம் இயல்பானதெனக் கருதப்பட்ட காலத்தில், அடிமையாக வாழ்ந்த ஒருவரே அதற்கெதிராக எழுப்பிய குரல் அது.

இவ்வரலாற்றில் பாம்பு இல்லை. மூவிலைத் தழையும் இல்லை. அயர்லாந்திலிருந்து பாம்புகளை அவர் விரட்டினார் என்பது பிற்காலக் கதை. பனிக்கட்டிக் காலத்தின் பின் அத்தீவிலே பாம்பு வாழ்ந்ததற்குச் சான்றே கிடையாது. ஷம்றொக் எனப்படும் மூவிலைத் தழையைக் காட்டித் திரித்துவத்தை விளக்கினார் என்னும் செய்தி 18ஆம் நூற்றாண்டிலேதான் எழுத்தில் காணப்படுகின்றது. பச்சை நிறமும் அவருக்குப் பிற்காலத்திலே வந்து பொருந்தியதே. 1783இல் பிரித்தானிய அரசு அவர் பெயரால் வீரப்பட்ட அமைப்பொன்றை நிறுவியபோது அதற்குத் தெரிந்தெடுத்த நிறம் நீலமாகும்.

பழங்கதைகளைப் பொய்யெனக் காட்டி எள்ளுவது இங்கு நோக்கமன்று. எல்லா மக்களும் தம் பெரியோரைக் கதைகளாலேயே அணி செய்வர். ஆனால் அணிகள் மட்டும் எஞ்சி, அணிந்தவர் மறைந்து போவாராயின் அது கவலைக்குரியது. அடிமையாயிருந்தவர் மறக்கப்பட்டார், பாம்பு நினைவில் நின்றது. அடிமை வணிகரைச் சினந்த திருமுகம் மறக்கப்பட்டது. இலை நினைவில் நின்றது. பச்சை நிறத்தின் கதையும் இத்தகையதே. 1791இல் தோன்றிய ஐக்கிய அயர்லாந்தியர் இயக்கம், கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் என்னும் பிளவைக் கடந்து ஆங்கில ஆதிக்கத்தை எதிர்த்தது. 1798இல் கிளர்ச்சி செய்து குருதியில் மூழ்கடிக்கப்பட்ட அவ்வியக்கத்தாலேயே பச்சை நாட்டின் நிறமாயிற்று. அடக்குமுறைக்கு அஞ்சாது அணியப்பட்ட நிறம் இன்று பியர்க் குவளைக்குள் ஊற்றப்படும் சாயமாக மாறியிருப்பதை வளர்ச்சி எனக் கொள்வதற்கில்லை.

அடுத்து, இவ்விழா வளர்ந்த இடம் எது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அயர்லாந்திலே அது நெடுங்காலம் கோயில் வழிபாட்டோடு அமைந்த திருநாளாகவே இருந்தது. ஊர்வலமாகவும் பொதுவிழாவாகவும் அது வளர்ந்தது பெரும்பாலும் கடல் கடந்த நாடுகளிலேயே. இன்றைய புளோரிடாவின் சென்ற் ஒகஸ்ரின் என்னும் ஸ்பானியக் குடியேற்றத்தில் 1601இல் பத்திரிசியார் பெயரால் பவனி நடைபெற்றமைக்கு ஆவணச் சான்று உண்டு. 1737இல் பொஸ்ரன் நகரத்து அயர்லாந்தியப் புரட்டஸ்தாந்தர் அந்நாளில் அறச்சங்கமொன்றை அமைத்தனர். 1762இல் நியூயோர்க்கில் ஊர்வலம் சென்றோருள் பிரித்தானியப் படையிற் பணிபுரிந்த அயர்லாந்தியரும் இருந்தனர். இவையெல்லாம் சிறு தொடக்கங்களே. இவ்விழாவுக்குப் பேருருவம் அளித்தது பெரும் பஞ்சமாகும்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. 1841இல் ஏறத்தாழ 82 இலட்சமாக இருந்த அயர்லாந்தின் சனத்தொகை, 1851இல் ஏறத்தாழ 65 இலட்சமாகக் குறைந்தது. பத்து இலட்சம் பேரளவில் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். பயிரை அழித்தது நோய். ஆனால் மக்கள் மாண்டதற்கு நோய் மட்டும் காரணமன்று. நிலம் தொலைவிலிருந்த நிலப்பிரபுக்களின் கையிலிருந்தது. பஞ்சம் நிலவிய ஆண்டுகளிலும் தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாயின. வாடகை செலுத்த இயலாத குடியானவர் குடிசைகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். நிவாரணத்தை மேற்பார்வை செய்த பிரித்தானியத் திறைசேரி அதிகாரி சார்ள்ஸ் ட்ரெவெல்யன், சந்தையின் இயல்பான போக்கிலே அரசு தலையிடலாகாதென்னும் கொள்கையினர். பஞ்சத்திலே இறைவனின் திருவுளத்தைக் கண்டவர். இதே ட்ரெவெல்யன்தான் 1859இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்து சேர்ந்தார். ஏகாதிபத்தியத்தின் நிர்வாக இயந்திரம் ஒன்றே. அதன் கீழ் அழுந்திய மக்களே பலர்.

பட்டினியோடு கப்பலேறிய அம்மக்களை அமெரிக்கா மலர் தூவி வரவேற்கவில்லை. 1844இலேயே பிலடெல்பியாவில் கத்தோலிக்கக் கோயில்கள் தீக்கிரையாக்கப்பட்டிருந்தன. 1850களிலே குடியேறியோர்க்கும் கத்தோலிக்கர்க்கும் எதிரான கட்சியொன்று நாடளாவிய செல்வாக்குப் பெற்றது. இந்நிலையில், மார்ச் 17ஆம் நாள் தெருவில் அணிவகுத்துச் செல்வது வெறுங் களியாட்டமாக இருக்கவில்லை. கூலிக்காரர், துறைமுகத் தொழிலாளர், வீட்டுப் பணிப்பெண்கள் ஆகியோரின் சமூகம், ‘நாமும் இந்நகரத்தவரே’ என உரிமை கோரும் அரசியற் செயலாக அது விளங்கிற்று. பத்திரிசியார் ஊர்வலத்தின் உயிர்நாடி இதுவே.

இங்கேதான் ஒரு கசப்பான உண்மையை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. ஒடுக்கப்பட்டவர் எல்லோரும் ஒடுக்கப்பட்டவர்க்குத் துணை நிற்பர் என்பது விருப்பமேயன்றி வரலாற்று விதியன்று. 1840களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் தலைவர் டானியல் ஓகொனலும் பல்லாயிரவரும் ஒப்பமிட்டு, அமெரிக்காவிலுள்ள தம் நாட்டவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுத்தனர். கறுப்பின மக்களைச் சகோதரராகக் கொண்டு அடிமை ஒழிப்பாளருடன் இணைய வேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். 1845இல் அயர்லாந்து சென்ற பிரெட்ரிக் டக்ளஸ் என்னும் முன்னாள் அடிமை அங்கே மனிதனாக மதிக்கப்பட்டதை நன்றியோடு பதிவு செய்தார். ஆனால் அமெரிக்காவில் வாழ்ந்த அயர்லாந்தியருட் பெரும்பாலோர் ஓகொனலின் வேண்டுகோளைப் புறக்கணித்தனர். 1863ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்து நியூயோர்க்கில் மூண்ட கலவரத்திலே நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கறுப்பின மக்கள் தெருக்களில் வேட்டையாடப்பட்டனர். கறுப்பினச் சிறார் வாழ்ந்த அநாதை இல்லம் எரியூட்டப்பட்டது. கலகக்காரருட் பெருந்தொகையினர் அயர்லாந்தியத் தொழிலாளராயிருந்தனர். தமக்கு மேலிருந்தோர் மிதித்ததனால் எழுந்த சினத்தை அவர்கள் தமக்குக் கீழிருந்தோர் மேல் இறக்கினர்.

ஆசியாவிலும் இவ்விரட்டைத் தன்மையைக் காணலாம். 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தபோது பஞ்சாப்பின் துணை ஆளுநராக இருந்து அதனை ஆதரித்து நின்ற மைக்கல் ஓட்வையர், அயர்லாந்தின் ரிப்பெறரி மாவட்டத்தவர். அடுத்த ஆண்டு அதே பஞ்சாப்பிலே, தம் நாட்டில் பிரித்தானியப் படை இழைத்த கொடுமைகளைக் கேள்வியுற்றுப் படைக்கலம் ஏந்த மறுத்த கொனோற் றேஞ்சர்ஸ் படைப்பிரிவினரும் அயர்லாந்தியரே. அக்கலகத்துக்காக ஜேம்ஸ் டேலி 1920 நவம்பர் 2ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே நாடு ஈன்ற இரு மக்கள் இவர்கள். பத்திரிசியார் நாளில் அயர்லாந்தின் புகழ் பேசுவோர் இவ்விருவரையும் பற்றிப் பேசுதல் வேண்டும். டேலியின் பெயரை மட்டும் கூறி ஓட்வையரை மறைப்பது அரை வரலாறாகும். இருவரையும் மறந்துவிட்டுத் தொப்பி அணிவதோ வரலாற்றையே கைவிடுவதாகும்.

இன்றைய விழாவிலே நிகழ்வது இப்பின்னைய செயலே. உலகப் புகழ்பெற்ற சிக்காகோ ஆற்றுச் சாயத்தின் தோற்றத்தை நோக்குக. ஆற்றில் கழிவு கலக்கும் இடங்களைக் கண்டறியப் பயன்பட்ட சாயமே அது. குழாய்த் தொழிலாளர் சங்கத்தினர் அதனை 1962இல் முதன்முறையாக விழாவுக்குப் பயன்படுத்தினர். அழுக்கின் ஊற்றுவாயைக் காட்டுவதற்கு அமைந்த பொருள், ஆற்றின் முகத்துக்குப் பூச்சாயிற்று. விழாவுக்கு நேர்ந்ததும் இதுவே. அநீதியின் ஊற்றுவாயைச் சுட்டிக் காட்ட வல்லதாயிருந்த ஒரு நாள், இப்பொழுது எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கி மறைக்கும் நாளாகியுள்ளது.

இதிலே வணிகர் மட்டுமல்லர், அரசும் பங்காளியே. 1995இல் அயர்லாந்து அரசு விழாக் குழுவொன்றை அமைத்தது; 1996இல் டப்ளினில் புதிய விழா அரங்கேறிற்று. நவீன அயர்லாந்தின் எழிலுருவத்தை உலகுக்குக் காட்டுவது அதன் நோக்கம். அதே ஆண்டு அக்டோபரில்தான், ஆதரவற்ற பெண்கள் அடைக்கப்பட்டு ஊதியமின்றி வேலை வாங்கப்பட்ட மக்டலீன் சலவைச்சாலைகளுள் இறுதியானது டப்ளின் நகரிலேயே மூடப்பட்டது. அப்பெண்களிடம் அரசு மன்னிப்புக் கோரியது 2013இல். உலகுக்குக் காட்டப்பட்ட முகத்துக்கும் உள்ளே மறைந்திருந்த முகத்துக்குமிடையே இருந்த தூரம் அத்துணை. 2010இல் சிட்னி நாட்டிய அரங்கிலே தொடங்கி, சுற்றுலா நிறுவனம் பல ஆண்டுகளாக உலகின் புகழ்மிக்க கட்டடங்களைப் பச்சை விளக்கால் ஒளியூட்டியது. உரோமபுரியின் கொலோசியமும் சீனப் பெருஞ்சுவரும் பச்சையாயின. அவ்வொளியைக் கண்டோர் அயர்லாந்தைப் பற்றி அறிந்து கொண்டது யாது? ஒரு நாட்டின் பெயரை அறிந்தனர். ஒரு நிறத்தைக் கண்டனர். அதற்கப்பால் ஒன்றுமில்லை.

விழாவோடு இணைபிரியாத கறுப்புப் பியர் 1759 முதல் டப்ளினில் வடிக்கப்பட்டு வருவது உண்மையே. ஆனால் அதற்கு உரிமையுடைய நிறுவனம் இன்று லண்டனைத் தலைமையகமாகக் கொண்ட பன்னாட்டுக் குழுமம் என்பதை அன்று குவளையுயர்த்துவோருள் எத்துணைப்பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? அயர்லாந்தின் சொந்த மொழியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அரசியலமைப்பு அதனை முதலாவது உத்தியோக மொழியெனக் கூறுகின்றது. ஆயினும் 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, கல்விக் கூடங்களுக்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவோர் 72,000 பேரளவினரே. மார்ச் மாதத்தில் பத்திரிசியார் நாளோடு நிறைவுறும் மொழி விழாவும் உண்டு. உலகம் தொப்பியை ஏற்றுக்கொண்டது; மொழியை ஏற்கவில்லை. எளிதில் விற்கத்தக்கது பரவியது. கற்க வேண்டியது பின்தங்கிற்று.

இவ்விடத்தில் இருவகை மறுப்புகள் எழுதல் கூடும். முதலாவது, ‘விழா மகிழ்ச்சிக்குரியது, மகிழ வந்தோரிடம் வரலாற்றுப் பாடம் நடத்துவது எற்றுக்கு? விழாக்கள் நாடு விட்டு நாடு சென்றால் மாறுவது இயல்பே’ என்பது. மாறுதல் இயல்பு என்பதை மறுப்பார் இலர். நியூயோர்க்கில் அயர்லாந்திய ஏழைகள் பன்றியிறைச்சிக்குப் பதிலாக யூத அயலவர் கடைகளில் வாங்கிய உப்பிட்ட மாட்டிறைச்சியைக் கோவாவோடு சமைத்து உண்டனர். அது இன்று விழா உணவாகியுள்ளது. அதுவும் மாற்றந்தான். ஆனால் அது வாழ்க்கையிலிருந்து எழுந்த மாற்றம். இரு ஏழைச் சமூகங்கள் ஒரே தெருவில் வாழ்ந்த கதையை அது சொல்லுகின்றது. விற்பனைக்காக மேலிருந்து புகுத்தப்படும் மாற்றமோ எந்தக் கதையையும் சொல்வதில்லை. மேலும், மகிழ்ச்சிக்கும் நினைவுக்கும் பகையில்லை. பொருளுணர்ந்து ஆடும் கூத்திலே களிப்புக் குறைவதில்லை. அயர்லாந்தியன் என்றாலே குடிகாரன் எனப் பழித்து 19ஆம் நூற்றாண்டிலே கேலிச்சித்திரம் வரைந்தோர் அம்மக்களின் பகைவர். இன்று அக்கேலிச்சித்திரத்தையே அவர்தம் கொடிவழியினர் காசு கொடுத்து வாங்கி அணிகின்றனர். இதனை வெறும் விளையாட்டென்று ஒதுக்குதல் இயலாது.

இரண்டாவது மறுப்பு மரபுவாதிகளுடையது. ‘பழைய தூய்மைக்குத் திரும்புவோம், அது கோயிலுக்குரிய நாள்’ என்பர் அவர். பழைய நாள் எத்தகையது என்பதை அவர் மறந்துவிட்டனர். 1903இல் அது அயர்லாந்தில் பொது விடுமுறையாயிற்று. 1927இல் அன்றைய தினம் மதுச்சாலைகள் மூடப்பட வேண்டுமெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1960களின் தொடக்கம் வரை அது நிலவிற்று. 1943 மார்ச் 17ஆம் நாள் பிரதமர் டி வலெறா வானொலியிலே எளிமையும் பக்தியும் நிறைந்த கிராமிய அயர்லாந்தைப் பற்றிய தம் கனவை விரித்துரைத்தார். ஆனால் 1950களில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் அக்கனவு நாட்டைவிட்டுத் தொழில் தேடி வெளியேறினர். சலவைச்சாலைகளில் பெண்கள் அடைபட்டுக் கிடந்ததும் அத்தூய்மையின் காலத்திலேயே. எனவே, விற்பனை விழாவுக்கு மாற்று பாசாங்குத் திருநாள் ஆகமாட்டாது. வணிகர் வரலாற்றை மது கொண்டு மறக்கச் செய்கின்றனர்; மரபுவாதிகள் அதனைத் தூபப் புகையால் மறைக்கின்றனர். மறைப்பு என்ற அளவில் இரண்டும் ஒன்றே.

அவ்வாறாயின் மாற்று யாது? அதனைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை; கரீபியன் கடலிலே மொன்செராற் என்னும் சிறு தீவில் அது நடைமுறையிலேயே உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய வெள்ளையருட் பெரும்பாலோர் அயர்லாந்தியர். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் பலர். அவருட் சிலர் காலப்போக்கில் தோட்ட முதலாளிகளாயினர். ஆபிரிக்க மக்களை அடிமை கொண்டனர். 1768 மார்ச் 17ஆம் நாள், எசமானர் பத்திரிசியார் பெயரால் குடித்துக் களித்திருக்கும் வேளையைத் தெரிந்து, அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டனர். செய்தி வெளியாகிவிட்டது. ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். 1985 முதல் அத்தீவிலே மார்ச் 17 பொது விடுமுறை நாளாகும். அயர்லாந்திய மரபையும் அடிமைகளின் எழுச்சியையும் ஒருங்கே அவர்கள் நினைவுகூர்கின்றனர். இங்கேயும் பச்சை உண்டு. இசையும் ஆட்டமும் விருந்தும் உண்டு. ஆனால் ஒடுக்கப்பட்டோர் ஒடுக்குவோராக மாறிய கதை அங்கே மறைக்கப்படுவதில்லை. அடிமையாயிருந்த பத்திரிசியாரின் நாளை அவருக்குரிய முறையில் கொண்டாடுவோர் யாரெனின், அடிமைகளின் வழிவந்த இம்மக்களே எனலாம்.

வேறு எடுத்துக்காட்டுகளும் உள. 1846இல் மெக்சிக்கோவின் மீது ஐக்கிய அமெரிக்கா போர் தொடுத்த காலத்தில், அமெரிக்கப் படையிலிருந்து வெளியேறி மெக்சிக்கோவுக்காகப் போராடிய குடியேற்றவாசிகள் தம் படைக்குப் பத்திரிசியார் பெயரையே சூட்டினர். கல்வே மாவட்டத்து ஜோன் றைலி அவர்தம் தலைவர். 1847 செப்டெம்பரில் அவருள் ஏறத்தாழ ஐம்பதின்மர் தூக்கிலிடப்பட்டனர். மெக்சிக்கோ அவர்களை இன்றும் மறக்கவில்லை. அதே 1847இல், தம் தாய்நிலத்திலிருந்து துரத்தப்பட்டு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளே கடந்திருந்த சொக்டோ என்னும் அமெரிக்கப் பழங்குடியினர், தம் வறுமையிலும் 170 டொலர் திரட்டி அயர்லாந்தின் பஞ்ச நிவாரணத்துக்கு அனுப்பினர். அந்நன்றிக்கு அடையாளமாகக் கோர்க் மாவட்டத்து மிடில்ரனில் வானோக்கிய இறகுகளாலான சிற்பமொன்று நிற்கின்றது. 2018ஆம் ஆண்டு மார்ச்சில், பத்திரிசியார் நாளையொட்டி அமெரிக்கா சென்ற பிரதமர் வரட்கர் அப்பழங்குடியினரை நேரிற் சென்று கண்டார். வெள்ளை மாளிகையில் பளிங்குக் கிண்ணத்திலே மூவிலைத் தழை வழங்கும் வைபவம் உலகப் பத்திரிகைகளில் இடம்பெறுகின்றது. ஆயினும், அந்நாளின் பொருளுக்கு இச்சந்திப்பே அண்மையானது.

வெள்ளை மாளிகை வைபவம் 1952இல் தூதுவர் அனுப்பிய சிறு பெட்டியோடு தொடங்கியது. ஒரு சிறு நாட்டின் பிரதமர் ஆண்டுதோறும் வல்லரசின் தலைவரைச் சந்திக்கும் வாய்ப்பாக அது இன்று வளர்ந்துள்ளது. இதன் பயன் சிறிதன்று. 1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் ஒதுக்கிய சிறப்பு விசாக்களில் 40 சதவீதம் அயர்லாந்துக்குக் கிடைத்தது, புலம்பெயர்ந்த அயர்லாந்தியரின் அரசியற் செல்வாக்கினாலேயே. தம் மக்கள் பிற நாட்டிற் குடியேற வழி கேட்டல் தவறன்று. ஆனால் வழி கேட்பவர் தம் வாயிலில் வந்து நிற்போர்க்கு என்ன விடை கூறுகின்றார் என்ற வினா உடன் எழுகின்றது. 2004இல் அயர்லாந்தில் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பிலே, நாட்டிற் பிறந்த குழந்தைகள் அனைவர்க்கும் பிறப்பாலேயே குடியுரிமை என்ற நிலை பெருவாரியான வாக்குகளால் நீக்கப்பட்டது. 2023 நவம்பரில் டப்ளின் தெருக்களிலே குடியேறியோர்க்கெதிரான கலவரம் மூண்டு வாகனங்கள் எரிந்தன. 1844இல் பிலடெல்பியாவில் கேட்ட கூச்சலே டப்ளினிலும் கேட்டது. வரலாற்றை வெறும் அலங்காரமாக்கிவிட்ட சமூகம் தன் பாட்டனின் பகைவர் பேசிய மொழியைத் தானே பேசத் தொடங்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே வேளையில், அயர்லாந்து தன்னைத் திருத்திக்கொள்ள வல்லது என்பதும் கூறப்படல் வேண்டும். நியூயோர்க் ஊர்வலத்திலே தன்பால் உறவினர் தம் பதாகையோடு செல்ல முடியாதவாறு பல்லாண்டுகள் தடையிருந்தது. அத்தகைய குழுவொன்று முதன்முறையாக அதில் நடந்து சென்றது 2015இல். அதே ஆண்டில் அயர்லாந்து மக்கள் தன்பால் திருமணத்தைப் பொதுவாக்கெடுப்பின் மூலம் ஏற்றுக்கொண்டனர். தாயகம் முன்னேறிச் சென்றபோது, கடல் கடந்த விழாவோ தாயகத்தின் பழைய நிழலைக் காத்து நின்றது. புலம்பெயர் சமூகங்கள் யாவும் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி இது. பிறந்த மண்ணை நேசித்தல் என்பது, அதனைத் தாம் விட்டுப் புறப்பட்ட கணத்திலேயே உறைய வைத்தல் ஆகாது.

1841இல் 82 இலட்சம் மக்கள் வாழ்ந்த அயர்லாந்துத் தீவின் சனத்தொகை இன்னும் அவ்வெண்ணை எட்டவில்லை. உலகெங்கும் பச்சையணிந்து கூடும் கூட்டத்தின் பின்னே இவ்வெற்றிடம் உள்ளது. அக்கூட்டம் அத்துணைப் பெரிதாயிருப்பதற்குக் காரணமும் அவ்வெற்றிடமே. எனவே, இவ்விழாவை நிறுத்தி விடுக என்று கேட்க வேண்டியதில்லை. அதன் முழுப் பொருளோடு நடத்துக என்றே கேட்க வேண்டும். ஊர்வலத்தின் முன்னணியில் 1847இல் கப்பலேறியோர் நினைக்கப்படட்டும். 1768இல் மொன்செராற்றில் மாண்ட ஒன்பதின்மரும் 1863இல் நியூயோர்க்கில் மாண்ட கறுப்பின மக்களும் அவரோடு நினைக்கப்படட்டும். இன்று அந்நகரங்களுக்கு அகதிகளாக வந்து சேர்வோர் அவ்வூர்வலத்தில் விருந்தினராகவல்ல, உரிமையுடையோராக நடக்கட்டும். அடிமைத்தளையினின்று தப்பிய ஓர் அந்நியரைத் தன் பாதுகாவலராக ஏற்ற நாட்டுக்கு அவ்வாறு செய்தல் கடமையேயன்றிக் கொடையன்று.